நெற்றியில் வைத்த கை

என் இடது மார்பிலிருந்த புற்றுநோய்க் கட்டியை டாக்டர் வெட்டி எடுக்கவில்லை. தோலில் சின்னத் துளை போட்டு, ஊசி மாதிரி ஒன்றை உள்ளே செலுத்தி, இருந்த இடத்திலேயே சூடு வைத்துக் கொன்றார். கட்டி சிறியது, அதனால் முடிந்தது. அம்மாவுக்கு மார்பையே எடுத்தார்கள். அப்படியும் நோய் முதுகெலும்பில் வந்து உட்கார்ந்துகொண்டது. அம்மாவின் சாம்பலைக் கிள்ளான் பக்கம் கடலில் கரைத்தோம்.

பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குத் திரும்பி உடம்பைத் துடைத்துக்கொள்ளும்போது விரல் தானாக அங்கே போனது. கட்டி அப்படியே இருந்தது. செத்ததை உள்ளேயே விட்டுவிடுவோம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள்தான். காதால் கேட்பது வேறு, தொட்டுப் பார்ப்பது வேறு. எரித்துவிட்டுக் கரைக்காமல் விட்ட சாம்பலோடு குடியிருப்பது போல இருந்தது.

அடுத்த நாளே காய்ச்சல். அம்மாவுக்கும் கடைசி நாட்கள் காய்ச்சலில்தான் ஆரம்பித்தன. உடனே அக்காவுக்குப் போன் செய்தேன். கிள்ளானிலிருந்து அக்கா ரயில் பிடித்து, இளநீரும் ஊறவைத்த வெந்தயமுமாக வந்து நின்றாள்.

"உள்ள சூடு வச்சிருக்காங்க, காய்ச்சல் வராம என்னா செய்யும்? குளிர்ச்சி பண்ணுனா எறங்கிரும் லா," என்றாள்.

அவளுக்கு எந்த நோயும் ஒன்று சூடு, இல்லையென்றால் குளிர்ச்சி. நெற்றியில் ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டாள். காய்ச்சல் விட்டதும் ஏதோ போட்டியில் கோப்பை ஜெயித்தவள் மாதிரி நடந்தாள்.

மறுபடி டாக்டரிடம் போனபோது அவளும் கூட வந்தாள். டாக்டர் தமிழ்ப் பெண். காயத்தைப் பார்த்து, கிருமி ஏதும் இல்லை என்றார்.

"சூடு வச்ச பிறகு சில பேருக்குக் காய்ச்சல் வரும், ஆன்டி. உடம்போட காவல் செல்லுங்க வந்து செத்த கட்டியக் கொஞ்சம் கொஞ்சமா தின்னும். அப்படியே அதோட முகத்தப் பாத்து வச்சுக்கும், வேற எங்க தலை காட்டினாலும் அடிக்கும்னு ஒரு நம்பிக்கை. இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. பிராமிஸ் பண்ண முடியாது லா. மாத்திரை, ஸ்கேன் எல்லாம் ஒழுங்கா தொடரணும்."

அக்காவின் முகம் வெளிறிவிட்டது. "அப்ப நான் அந்தச் சூட்ட அணைச்சிட்டேனா டாக்டர்?"

இளநீர் அப்படியெல்லாம் செய்யாது என்று டாக்டர் சிரித்தார். அக்கா நம்பவில்லை. உண்மையைச் சொன்னால், நானும்தான்.

பிறகு எடுத்த ஸ்கேனில் கட்டி சுருங்கியிருந்தது, உயிருள்ள அடையாளம் எதுவும் இல்லை. சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் குளிக்கும்போது இன்னும் ஒரு தடிப்பு விரலில் படுகிறது. உள்ளே காவல் விழித்திருக்கிறதா, தின்ற மயக்கத்தில் தூங்கிவிட்டதா என்று யாரைக் கேட்பது? பயமாகத்தான் இருக்கிறது.

அக்கா இப்போது இளநீர் கொண்டுவருவதில்லை. உடம்பில் சூடு ஏறட்டும் என்று மிளகு தூக்கலாகப் போட்டு நாட்டுக்கோழி ரசம் வைத்துக்கொண்டு வருகிறாள். மூக்கு ஒழுக ஒழுகக் குடிக்கிறேன். குடித்து முடித்ததும் உள்ளங்கையை என் நெற்றியில் வைத்துப் பார்ப்பாள். போன ஞாயிற்றுக்கிழமை வைத்த கையை வெகுநேரம் எடுக்கவேயில்லை.

"சூடே இல்லடி," என்றாள்.