ஓடைக்கரையில் பத்தடி

என் சித்தப்பாவுக்குக் கை சும்மா இருக்காது. அடுத்தவர் வயலோரம் நடந்து போனாலும், குனிந்து நாலு களையைப் பிடுங்கிப் போட்டால்தான் அவருக்கு நடந்த மாதிரி இருக்கும். அப்படிப்பட்ட மனுஷர் போய் அரசாங்கத்தின் மண் பாதுகாப்புத் திட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ஓடையை ஒட்டிப் பத்தடி அகலத்துக்கு உழக்கூடாது, புல்லில் கை வைக்கக்கூடாது. வைக்காமல் இருந்தால் வருடா வருடம் மானியம்.

முதல் வருடம், பார்வையிட அதிகாரியம்மா வருவதாகக் கடிதம் வந்தது. ஆள் வரும்போது இடம் அலங்கோலமாகக் கிடக்கலாமா? முந்தின நாளே சித்தப்பா கரை முழுவதையும் சவரம் செய்த கன்னம்போல வழித்துவிட்டார். புல்லின் உயரத்தை அளக்க வந்த அந்தம்மா, அளவுகோலை எங்கே ஊன்றுவது என்று தெரியாமல் நின்றார்.

"எவ்வளவு சுத்தமா வச்சிருக்கேன் பாருங்கம்மா" என்றார் சித்தப்பா.

"அதாங்க ஐயா பிரச்சனையே."

அந்த வருட மானியம் போயிற்று. சித்தி ஒரு வாரம் பேசவில்லை. அப்புறம் பேசியதற்கு, பேசாமல் இருந்ததே மேல்.

இது மூன்றாம் வருடம். புல் இடுப்பளவு நிற்கிறது. இந்த மழைக்குக் கரையில் ஒரு பிடி மண்கூடச் சரியவில்லை. சாயங்காலமானால் சித்தப்பா அதன் எதிரே ஸ்டூலைப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்துவிடுகிறார்.

நேற்று டீ ஆறுகிறது என்று சித்தி மூன்று தடவை கூப்பிட்டாள். அவர் அசையவில்லை.

"அங்க உக்காந்து என்ன புல்லா புடுங்கிட்டிருக்கீங்க?"

சித்தப்பா திரும்பாமலே சொன்னார்.

"புடுங்காமத்தான்டி உக்காந்திருக்கேன்."