நாற்பத்தோரு நாள் மௌனம்

விடியுமுன்னே பட்டாசுக் கம்பெனி வேன் தாயில்பட்டிக்கு வந்துவிடும். ஏறியதும் கண் சொருகும். பாதித் தூக்கம். வெளியே கருவேல மரங்கள் தண்ணீருக்குள் நிற்பதுபோல் அசையும். யார் பேசுகிறார்கள், பேசுவது நான்தானா என்றுகூடத் தெரியாது. அந்த வருடங்கள் முழுக்க எனக்கு அப்படித்தான் நினைவிருக்கின்றன.

வீட்டுக்காரர் இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. வேனில் பக்கத்தில் உட்காரும் பெண் என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொள்வாள். "சொல்லுங்கக்கா, மனசுல வச்சுக்கிடாதீக" என்பாள். ஏதோ சொல்வேன். இறங்கும்போது என்ன சொன்னேன் என்பது நினைவில் இருக்காது.

அவள்தான் என்னைச் சிவகாசியில் ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனாள். உள்ளே சாம்பிராணிப் புகை. முப்பது பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். அய்யா என்று அவர்கள் அழைத்தவர் என் முன்னால் வந்து நின்றார்.

"கடைசியில தண்ணி கேட்டாரு. நீ கொண்டுவர்றதுக்குள்ள போயிட்டாரு. அதான உன்னத் தின்னுது?"

என் உடம்புக்கு எடையே இல்லாமல் போனது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு எல்லாம் அவரைக் கேட்டுத்தான். எந்தச் சேலை, யார் வீட்டில் சாப்பாடு, யாரோடு பேச்சு. கேட்டு நடப்பது சுகமாக இருந்தது. அதை மறைக்கக் கூடாது. அதே வேனில் வேலைக்கு வரும் என் தங்கச்சி ஒருநாள் அங்கே வந்து பார்த்துவிட்டு, "நம்மளக் கண்ண மூடச் சொல்லிட்டு அந்த ஆளு மட்டும் முழிச்சுக்கிட்டு இருக்கான்க்கா" என்றாள். அவளோடு பேசக் கூடாது என்று உத்தரவு வந்தது. பேசவில்லை.

பிறகு மௌன விரதம். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள். வாய் திறந்தால் வீட்டுக்காரர் தாகத்தோடு அலைவார் என்றார் அய்யா.

பட்டாசு வேலையில் வாயை மூடிக்கொண்டு இருக்கக் கூடாது. வெடிமருந்து அடைக்கிற அறையில் நாலு பேர்தான். நாலு பக்கமும் வாசல். புகையோ பொறியோ முதலில் பார்க்கிற ஆள் கத்த வேண்டும், மற்றவர்கள் என்ன ஏதென்று கேட்காமல் ஓட வேண்டும். போர்மேன் சொல்லித்தருகிற முதல் பாடமே அதுதான். ஆனாலும் சாமி காரியம் என்று என்னை விட்டுவிட்டார்கள். தீபாவளி சீசன் வேறு.

"ஊமச்சாமி, அந்தச் சல்லடைய இங்கிட்டுத் தள்ளுங்க" என்பாள் அறையில் ஒருத்தி.

"ஏ, சாமிகிட்ட வேலை ஏவாத. சாபம் போட்ரும்" என்பாள் இன்னொருத்தி.

"எப்படிப் போடும்? வாயத் தொறக்கணும்லா?"

நாலாவது ஆள் தங்கச்சி. அவள் சிரிக்க மாட்டாள். எனக்கு எதிரே குனிந்து வேலை பார்ப்பாள்.

நாற்பத்தோராம் நாள் தூறல் விழுந்தது. கூரை விரிசல் வழியே ஒரு சொட்டு, தங்கச்சிக்குப் பின்னால் இருந்த மருந்துத் தட்டில் இறங்கியது. பிறகு இன்னொன்று. வெள்ளிப் பவுடர் என்று நாங்கள் சொல்லும் அலுமினியத் தூள் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் உள்ளுக்குள்ளே சூடேறும். மாட்டுத் தொழுவத்து வாடை வரும். வந்தது. தட்டின் நடுவிலிருந்து மெல்லிசாக ஆவி எழுந்தது. அந்த அறையில் எங்கள் கை, முகம், இமை எல்லாம் வெள்ளி. ஆவி தங்கச்சியின் தலைக்கு மேலே மெதுவாகச் சுற்றியது. பார்க்க அழகாக இருந்தது.

நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பேசலாமா என்று மனசுக்குள் அய்யாவைக் கேட்டேன். பதிலுக்குக் காத்திருந்தேன். கையையாவது ஆட்டியிருக்கலாம். அது தோன்றவில்லை.

தங்கச்சி நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"ஓடுங்க!"

கத்தியது நான்தான். என் குரல் மாதிரியே இல்லை. நாலு பேரும் நாலு வாசல் வழியே ஓடினோம். வேப்பமரத்துக்குப் போய்ச் சேரவும் அறை வெடித்தது. கூரை மேலே போய் நின்று, யோசித்து இறங்கியதுபோல் இருந்தது. காதில் சத்தமே இல்லை. யாருக்கும் காயமில்லை. தங்கச்சி என்னைக் கட்டிக்கொண்டு வாயை அசைத்துக்கொண்டே இருந்தாள். நான் அழுதேன். பயத்தில் அழுகிறேன் என்று நினைத்தார்கள். விரதம் முறிந்துவிட்டதே என்று அழுதேன்.

இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை போய் அய்யா முன்னால் நின்றேன். "உசுரு தப்புச்சுல்லா, அது நாப்பது நாள் மௌனம். அறை போச்சுல்லா, அது நீ வாய் தொறந்ததுனால" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தப் பேச்சைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். நல்லது என்றால் அவர். கெட்டது என்றால் நான். எது நடந்தாலும் அவர் மேல் தூசி விழாது. அந்தப் பேச்சுக்கு வெளியேற ஒரு வாசல்கூட இல்லை. மறு வாரம் போகவில்லை.

தண்ணீர் விஷயத்தைத் தங்கச்சிதான் அவிழ்த்தாள். "வேன்ல நீதான சொன்ன. முன்சீட்டுல எனக்கே கேட்டுச்சு. உன் பக்கத்துல உக்காருறவ அய்யாகிட்ட போயி ஒப்பிச்சிருக்கா."

அங்கே போவதை விட்ட பிறகும் இரண்டு வருடம் சரியாகவில்லை. கடையில் சேலை எடுக்க நின்றால் யாராவது சொல்லட்டும் என்று நிற்பேன். தூறல் விழுந்தால் அவர் குரல் கேட்கும். அதைவிட ஒன்று தொண்டையில் நின்றது. நான் தங்கச்சியைக் காப்பாற்றினேன் என்று ஊரே சொன்னது. அவளும் மறுத்ததில்லை.

ஒரு சாயங்காலம் இரண்டு பேரும் குழாயடியில் பவுடரைக் கழுவிக்கொண்டிருந்தோம். சொல்லிவிட்டேன். வாடை முதலிலேயே வந்தது. உத்தரவுக்காக நின்றேன். நீ அங்கே இருக்கிறாய் என்று தெரிந்தும் நின்றேன்.

அவள் குழாயை மூடினாள்.

"எம்புட்டு நேரம்?"

"தெரியல."

"மச்சான் செத்த அன்னைக்கு இருந்த மூஞ்சியோட நின்ன. அதப் பாத்துத்தான் எந்திரிச்சேன். நீ கத்துறதுக்கு முன்னாடியே எந்திரிச்சிட்டேன்க்கா."

"கோவமா?"

"பெறகு இருக்காதா?" என்றாள். முதுகைத் திருப்பி உட்கார்ந்தாள். "தேயி. அங்கன இன்னும் போகல."

தேய்த்தேன்.