காப்பு கட்டிய ஊரில் எனக்குக் கிடைத்த உத்தரவு

கர்ப்பப்பையை எடுத்த பிறகும் எனக்கு ரத்தம் போனது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஆண்கள் யாராவது படிக்க நேர்ந்தால் பக்கத்தைத் திருப்ப வேண்டாம். உங்கள் வீட்டிலும் பெண்கள் இருக்கிறார்கள்.

என் பெயர் பரிமளா. செஞ்சியில் மலையடிவாரத்தில் எங்கள் தெரு. வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டு பக்கம் பழக்கடை வைத்திருக்கிறார். ஒரே மகள், கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் என் மாமியாரும்தான். மாமியார் என்றால் சண்டைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். அவர் என்னை அதட்டுவார், நானும் பதில் பேசுவேன், சாப்பாட்டு நேரத்துக்கு இருவரும் ஒன்றாக உட்காருவோம்.

எனக்குப் பல வருஷமாகவே மாதாமாதம் பெரும்பாடு. கட்டி இருக்கிறது, கர்ப்பப்பையை எடுத்துவிடுவதுதான் நல்லது என்று விழுப்புரத்தில் டாக்டரம்மா சொன்னார். பயந்து பயந்து தள்ளிப்போட்டு, கடைசியில் போன வருஷம் ஆனி மாதத் தொடக்கத்தில் எடுத்துக்கொண்டேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதில் ஒரு குறையும் இல்லை.

வீட்டுக்கு வந்து படுத்ததும் எனக்கு வந்த முதல் சந்தோஷம் என்ன தெரியுமா? இனி ஆடித் திருவிழாவுக்குத் தேதி கணக்குப் பார்க்க வேண்டாம். எங்கள் தெரு அம்மனுக்கு ஆடியில் காப்புக் கட்டினால், வீட்டுக்குத் தூரமான பெண்கள் கோயில் பக்கமே போக மாட்டோம். நான் எத்தனையோ வருஷம் தள்ளிப்போட மாத்திரை போட்டிருக்கிறேன். மாத்திரையையும் மீறி வந்து அழுதிருக்கிறேன். இந்த வருஷம் நிம்மதியாக வாசலில் நின்று கரகத்துக்குத் தண்ணீர் ஊற்றலாம் என்று படுக்கையில் கிடந்தபடியே நினைத்துக்கொண்டேன்.

டாக்டரம்மா அனுப்பும்போதே கறாராகச் சொன்னார். குடம் தூக்கக் கூடாது, குந்தி உட்காரக் கூடாது, மிஷின் மிதிக்கவே கூடாது. கொஞ்சம் கறை படலாம், பயப்பட வேண்டாம், அதிகமாகப் போனாலோ நாற்றம் அடித்தாலோ ஜுரம் வந்தாலோ உடனே வந்துவிட வேண்டும். தலையை ஆட்டினேன். ஆனால் ஆடி வருகிறது என்றால் தையல்காரி வீட்டில் துணி குவியும். சமையலையும் தண்ணீரையும் மாமியார் பார்த்துக்கொண்டார். உட்கார்ந்த இடத்தில் காலை ஆட்டுவது ஒரு வேலையா என்று நான் மிஷினில் உட்கார்ந்துவிட்டேன். ஊருக்கெல்லாம் தையல் போடுகிறவளுக்குத் தன் வயிற்றுக்குள் இருக்கும் தையல் நினைவில் இல்லை.

ஆடி பிறந்து காப்பும் கட்டியாயிற்று. எங்கள் தெருவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. காப்புக் கட்டின பிறகு பகலில் வேலைக்கு எங்கே வேண்டுமானாலும் போகலாம். ஆனால் திருவிழா முடியும்வரை வெளியூரில் ராத்தங்கக் கூடாது. சென்னைக்குச் சரக்கு எடுக்கப் போகிறவர்கள்கூட விளக்கு வைக்கும் நேரத்துக்குள் திரும்பிவிடுவார்கள். மீறினால் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். யாரும் மீறி நான் பார்த்ததில்லை.

காப்புக் கட்டிய மறுநாள் எனக்கு ரத்தம் பட்டது. முதலில் கறைதான். அடுத்த நாள் சிவப்பாகவே போனது. எனக்குப் பக்கென்றது. மாமியாரிடம் சொன்னேன். அவர் கொஞ்சமும் பதறவில்லை. "மிச்சம் மீதி இருந்தா வடியும்மே. எல்லாருக்கும் அப்பிடித்தான். வடிஞ்சி தீந்துரட்டும்" என்றார். அவ்வளவு நிச்சயமாகச் சொன்னதால் எனக்கும் அது சரி என்று பட்டது. ரத்தம் என்றால் தீட்டு, தீட்டு என்றால் தள்ளி இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த கணக்கு அதுதான். பாயையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு, தையல் மிஷின் கிடக்கும் பின்கட்டு அறைக்குப் போய்விட்டேன்.

நீங்கள் சிரிப்பீர்கள். கர்ப்பப்பையே இல்லாதவளுக்கு மாதவிலக்கு எப்படி வரும் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடக் கேட்கும். ஆனால் பாருங்கள், வயது வந்த நாளிலிருந்து ரத்தத்தைப் பார்த்ததும் ஒதுங்கியே பழகிய உடம்பு. கேள்வி கேட்கத் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் யாருக்குமே தோன்றவில்லை.

நாளுக்கு நாள் அதிகமானது. துணி மாற்றி மாற்றி மாளவில்லை. சாயந்திரமானால் உடம்பு சுடும். நாற்றமும் வந்தது, சொல்வதற்கு என்ன. எழுந்து நின்றால் கண்ணைக் கட்டிக்கொண்டு வரும். வீட்டுக்காரர் கடைக்குப் போகாமல் கதவருகே வந்து வந்து நின்றார். விழுப்புரம் போகலாம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான்தான் மறுத்தேன். போனால் பெட்டில் சேர்த்துவிடுவார்கள். சேர்த்தால் ராத்தங்க வேண்டும். காப்பை மீறி நான் போய், ஓசூரில் வாயும் வயிறுமாக இருக்கிற மகளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? திருவிழா முடியட்டும் என்றேன். அவருக்கும் அதே பயம்தான்.

கரகம் வருகிற நாள் வந்தது. காலையிலேயே மைக்செட் பாட ஆரம்பித்துவிட்டது. கூழ் காய்ச்சும் வாசனை பின்கட்டு வரைக்கும் வந்தது. நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். படுத்தால் மறுபடி எழுந்திருப்பேனா என்று சந்தேகமாக இருந்தது. மகள் முகம் நினைவுக்கு வந்தது. பேரப் பிள்ளையைப் பார்க்காமலே போய்விடுவேன் என்று தோன்றியதும் அழுகை வந்துவிட்டது. சத்தம் போட்டு அழக்கூடத் தெம்பில்லை.

அப்போது வேண்டிக்கொண்டேன். தீட்டோடு சாமி பெயரைச் சொல்லக் கூடாது என்பார்கள். நான் சொன்னேன். "தாயே, ஒன் வாசலுக்கு நான் வர முடியாது. ஒன்ன விட்டா எனக்கு ஆளும் இல்ல. நீ வந்து எதுனா ஒரு வழி காட்டு." இவ்வளவுதான் என் பிரார்த்தனை. நல்ல வார்த்தையாகச் சேர்த்துச் சொல்ல வரவில்லை.

பம்பைச் சத்தம் எங்கள் வீட்டை நெருங்கியது. கரகம் ஒவ்வொரு வாசலிலும் நிற்கும். அந்த வீட்டார் கரகம் எடுத்தவர் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கும்பிடுவார்கள். தீட்டு வீடு என்றால் யாரும் குடத்தோடு வெளியே வர மாட்டார்கள். கரகமும் நிற்காமல் அடுத்த வாசலுக்குப் போய்விடும். அன்று மாமியார் வெறுங்கையோடு ஓரமாக நின்றார். வீட்டுக்காரர் அவருக்குப் பின்னால் நின்றார். நடையின் இரண்டு கதவும் திறந்திருந்ததால் பின்கட்டில் இருந்தே எனக்கு எல்லாம் காதில் விழுந்தது.

பம்பை எங்கள் வாசலைத் தாண்டவில்லை. அங்கேயே நின்று அடித்தது.

கரகம் எடுத்தவர் பூசாரி ஏழுமலை. மற்ற நாளில் கொத்தனார் வேலை செய்கிறவர். தெருப் பெண்களிடம் நிமிர்ந்து பேசாத மனிதர். அருள் வந்த குரலில் அவர் கேட்டது எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது.

"இந்த வாசல்ல என் கால் ஏன் நனையல?"

மாமியார், மருமகளுக்குத் தீட்டு, பின்னால் இருக்கிறாள் என்றார். பம்பை நின்றுவிட்டது.

"பையே இல்லாத ஒடம்புக்கு இன்னா தீட்டு? அது நோவு. இட்டுனு போ."

பிறகு என் வீட்டுக்காரர் குரல் கேட்டது. அவர் அழுதுகொண்டே பேசினார். "காப்பு கட்டியிருக்குதே தாயே. ராத்தங்கணும்னு சொல்லுவாங்க."

"என் எல்லைய வுட்டு நானே அனுப்பறன். எவன்டா தடுக்கறவன்? போ."

கரகத்தில் இருந்து ஒரு கொத்து வேப்பிலையை உருவி வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுக் கரகம் நகர்ந்தது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். அந்தத் தெம்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. திருவிழாக் கூட்டத்தில் ஆட்டோ எப்படி வந்தது என்றும் தெரியாது. தெருக்காரர்களே விலகி வழி விட்டார்கள். வேப்பிலையை மாமியார் என் தலைமாட்டில் வைத்துக்கொண்டு கூடவே ஏறினார்.

செஞ்சி ஆஸ்பத்திரியில் பார்த்ததும் ஊசி போட்டு ஆம்புலன்சில் விழுப்புரத்துக்கு அனுப்பினார்கள். உள்ளே தைத்த இடம் ஒரு பக்கம் விட்டுப்போய்ச் சீழும் பிடித்திருந்தது. ரத்தம் ஏற்றினார்கள், திரும்பவும் தைத்தார்கள். எனக்கு ஆபரேஷன் செய்த அதே டாக்டரம்மாதான். கண் விழித்துப் பேச்சு வந்த பிறகு, இன்னும் ஒரு நாள் போயிருந்தால் தன் கையில் எதுவும் இருந்திருக்காது என்றார். ஏன் வரவில்லை என்று கேட்டார். நான் கூரையைப் பார்த்தேன். மாமியார்தான் பதில் சொன்னார். "மிச்சம் மீதி வடியுது, தீட்டுதான்னு நெனச்சிட்டோம்மா."

டாக்டரம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மாமியார் பக்கம் திரும்பினார். மிச்சம் வடியும் என்று உங்களுக்கு யார் சொன்னது என்று மெதுவாகக் கேட்டார்.

மாமியார் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பிறகு என்னையும் டாக்டரம்மாவையும் பார்க்காமல் சொன்னார்.

"யாரும் சொல்லலம்மா. எனக்கு வுட்டுப்போயி எத்தினியோ வருசமாவுது. ஆனா அப்பப்ப படுது. மிச்சம் வடியுதுன்னுதான் இருந்துட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரே வீட்டில் ஒரே பானைச் சோறு தின்கிறோம். அவர் மாதத்தில் ஒரு நாள், இரண்டு நாள் முட்டிவலி என்று கோயிலுக்கு வராமல் இருப்பார். முட்டிவலிதான் என்று நானும் நம்பியிருந்தேன். மாதவிலக்கு நின்றுபோன பெண்ணுக்கு ஒரு சொட்டுப் பட்டாலும் பார்த்தே ஆக வேண்டும் என்று சொல்லி, டாக்டரம்மா அவரை அன்றைக்கே டெஸ்டுக்கு அனுப்பினார். கர்ப்பப்பையில் புற்று ஆரம்பித்திருந்தது. ஆரம்பம்தான், பரவவில்லை, எடுத்துவிட்டால் போதும் என்றார்கள். அவருக்கும் எடுத்துவிட்டு எனக்குப் பக்கத்துக் கட்டிலிலேயே போட்டார்கள். மருமகளும் மாமியாரும் ஒன்றாகப் படுத்துக்கொண்டு சாப்பாடு சரியில்லை என்று குறை சொல்லிக்கொண்டிருந்தோம். வீட்டுக்காரர் பாவம், இரண்டு பேருக்கும் கஞ்சி சுமந்தார்.

அம்மன் அன்றைக்கு வழி காட்டியது எனக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். நான் எனக்காகத்தான் கேட்டேன். நான் கேட்காததையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறாள்.

ஊருக்கு வந்த பிறகு பூசாரியிடம் கேட்டேன். அன்று தன் வாயில் என்ன வந்தது என்பதே தனக்கு நினைவில்லை என்றார். சொல்லும்போது காதெல்லாம் சிவந்துபோனது. எனக்கு ஆபரேஷன் ஆனது தெருவுக்கே தெரியும், அந்த ஆளுக்கு மூளை வேலை செய்திருக்கிறது, அவ்வளவுதான் என்று என் தம்பி சொல்கிறான். சொல்லட்டும். அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம்தான். எனக்கே தெரியும். அந்த வார்த்தை மட்டும் நான் கூப்பிட்ட அந்த நேரத்தில், என் வாசலில் வந்து எப்படி நின்றது? எனக்கு இதில் ஒரு சந்தேகமும் இல்லை.

காப்பை மீறிய குடும்பத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு ஐப்பசியில் சுகப்பிரசவம். பேத்தி.

இப்போது மிஷினுக்கு மோட்டார் போட்டுக்கொண்டேன். டாக்டரம்மா சரி என்ற பிறகுதான் தொட்டேன். அளவு கொடுக்க வருகிற பெண்களிடம் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டே கேட்கிறேன், படுகிறதா, எத்தனை நாளாக என்று. முதலில் முறைக்கிறார்கள். கதவைச் சாத்தினால் சொல்கிறார்கள். இரண்டு பேரை நானே விழுப்புரத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறேன். ஜாக்கெட் தைக்கப் போனால் ஆஸ்பத்திரிக்கு இழுக்கிறாள் என்று தெருவில் கேலி செய்கிறார்கள். செய்துகொள்ளட்டும்.

இதைப் படிக்கிற சகோதரிகளே, எந்தச் சாமியைக் கும்பிடுகிறீர்களோ அந்தச் சாமியைக் கூப்பிடுங்கள். தள்ளி உட்கார்ந்திருந்தாலும் கூப்பிடுங்கள். நம் ரத்தத்தைப் பார்த்து அம்மன் அருவருப்பாள் என்று நாமாக நினைத்துக்கொண்டோம். எத்தனை பேரைப் பெற்றவள் அவள், ரத்தம் பார்க்காதவளா? கூப்பிட்டுவிட்டு, வீட்டில் இருக்கிறவர்களிடம் வாயைத் திறந்து சொல்லுங்கள். டாக்டரிடம் போங்கள்.

இந்த ஆடியில் கரகம் வந்தபோது எங்கள் வாசலில் இரண்டு குடம் மஞ்சள் தண்ணீர் இருந்தது. கனம் தூக்கக் கூடாது என்று என் கையில் இருந்த குடத்தை வீட்டுக்காரர் வாங்கப் பார்த்தார். மாமியார் அவரைத் தள்ளி நிற்கச் சொன்னார். சின்னக் குடம்தான், நாங்கள் இரண்டு பேருமே ஊற்றினோம்.