பளிச்சென்று தெரிந்த இடம்

போன வாரம் மளிகைக் கடையில் இரண்டு முட்டை வாங்கினேன். கை தானாகச் செல்போன் விளக்கைப் போட்டு முட்டையை அதன்மேல் வைத்தது. கடைக்கார அம்மா பார்த்துவிட்டார்.

“ஏனுங்கண்ணா, உள்ள கோழி இருக்குதான்னு பாக்கறீங்களா?”

நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். நாமக்கல் பக்கம் ஒரு முட்டைக் கம்பெனியில், இருட்டறையில் முட்டை சோதிக்கும் வேலை பார்த்தேன். கீழே விளக்கு எரியும். மேலே முட்டைகள் உருண்டு போகும். பளிச்சென்று தெரிந்தால் நல்ல முட்டை. உள்ளே கறுப்பாக ஏதாவது நின்றால் எடுத்து ஓரம் வைக்க வேண்டும். சூடான பல்பு, கோழி எச்சம், நனைந்த அட்டை எல்லாம் கலந்த ஒரு வாடை அந்த அறைக்கு உண்டு. சட்டையோடு அது வீட்டுக்கும் வரும். நான் வாய் திறக்காமலே, வந்துவிட்டேன் என்பதை என் மனைவி சரசு அதை வைத்துத்தான் தெரிந்துகொள்வாள்.

“இருட்டுக்குள்ளயே கெடந்து உங்களுக்கு வாய் ஒட்டிப்போச்சாட்ட இருக்குதுங்க” என்பாள். வெளியாட்களிடம் மட்டும், “எங்கூட்டுக்காரர் கண்ணுக்கு ஒண்ணும் தப்பாது” என்று பெருமையடிப்பாள்.

அந்தக் கண்ணைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

மாதவிலக்கு நின்ற பிறகும் அவளுக்கு ரத்தம் போனது. கர்ப்பப்பை வாயில் கட்டி மாதிரி இருக்கிறது என்று டாக்டரம்மா ஸ்கேனுக்குச் சேலம் அனுப்பினார். குழாய்க்குள் போய் வந்தவள், “லாரிப் பட்டறைக்குள்ள படுக்கப்போட்டு நாலாபக்கமும் தட்டுனாட்ட இருந்துச்சுங்க” என்று சிரித்தாள். ஃபிலிமைக் கொடுத்த பெண், “நாளைக்கே டாக்டர்கிட்டக் காட்டிருங்க” என்றாள். தலையாட்டினேன். கூட இருந்த காகிதம் இங்கிலீஷில் இருந்தது.

பஸ்ஸில் ஜன்னல் வெளிச்சத்துக்கு ஃபிலிமைப் பிடித்தேன். சின்னச் சின்னக் கட்டங்கள். ஒன்றில் அடிவயிற்றுக்கு நடுவே ஓரிடம் மட்டும் வெள்ளை வெளேரென்று எரிந்தது.

“என்னங்க தெரியுது?”

“கெட்டது ஒண்ணுமில்ல புள்ள. அந்த எடம் பளிச்சுனு இருக்குது.”

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு, “அப்ப மாரியம்மன் பண்டிகை முடியட்டுங்க, காட்டிக்கலாம்” என்றாள்.

பண்டிகை முடிந்தது. அவள் தங்கை வீட்டில் ஒரு விசேஷம் வந்தது. ரத்தம் போனபோதெல்லாம் உடம்புச் சூடு என்று இளநீர் வாங்கிக் கொடுத்தேன். மூன்று மாதம் ஓடிவிட்டது. கால் வீங்கி, உட்கார முடியாமல் ஆன பிறகுதான் போனோம். அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன்.

“இதை இத்தனை நாள் எங்க வெச்சிருந்தீங்க?” என்றார் டாக்டரம்மா.

“வெள்ளையா இருந்தா நல்லதுதானுங்களே?”

அவர் ஃபிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டினார். “உடம்புக்குள்ள தண்ணி நகர்றதைப் பாக்கற படம் இதுங்க. கட்டியில செல்லு நெருக்கி அடைச்சிருக்கும். தண்ணி நகர எடமிருக்காது. அந்த எடந்தான் வெள்ளையாத் தெரியும்.” பக்கத்துக் கட்டத்தைத் தொட்டார். “எவ்வளவு நகருதுன்னு அளந்து காட்டறது இது. இதுல அதே எடம் கறுப்பு, பாருங்க.”

அந்தக் கறுப்பை நான் பஸ்ஸிலேயே பார்த்திருந்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. முட்டையாக இருந்திருந்தால் எடுத்து ஓரம் வைத்திருப்பேன். அன்றைக்கு எனக்கு வெள்ளைதான் வேண்டியிருந்தது.

கரண்ட் என்று சொல்லும் கதிர்வீச்சு வைத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். நோய் எதற்கும் கேட்கவில்லை. பார்க்க வந்தவர்களிடம் கடைசிவரை அவள் சொன்னது இதுதான்: “அவரு அன்னைக்கே படத்தைப் பாத்துட்டாருங்க. ஒண்ணுமில்லீன்னாரு. அப்புறந்தான் வந்திருக்கும்.” நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

இப்போது கம்பெனியில் இருட்டறை இல்லை. கேமரா வைத்த மெஷின் முட்டை பார்க்கிறது. ஸ்கேன் படமும் செல்போனுக்கே வருகிறதாம். என் சட்டையில் அந்த வாடை இல்லை. இருந்தாலும் கண்டுகொள்ள வீட்டில் ஆள் இல்லை. பீரோவில் ஃபிலிம் மட்டும் கிடக்கிறது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், நல்லது என்று அவளிடம் நான் காட்டிய இடம் இன்னும் பளிச்சென்றே இருக்கிறது.