கயிற்றை விட்டு ஓடிவந்தவர்கள்

எனக்கும் வயதாகிவிட்டது, என்னுடைய இத்தாலிய ஸ்போர்ட்ஸ் காருக்கும் வயதாகிவிட்டது. சிவப்பு நிறம், இரண்டே சீட். என் மனைவிகூட செருப்பைத் தட்டிவிட்டுத்தான் அதில் ஏற வேண்டும்.

ஒரு காலை ராமநாதபுரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு ஓட்டிப் போனேன். கடலோடு சேர்த்து போட்டோ எடுக்கும் ஆசையில் ரோட்டை விட்டு மணலில் இறக்கினேன். பின்சக்கரங்கள் புதைந்தன. அலை வந்து கதவைத் தொட்டதும், "ஐயோ, ஓடியாங்க! காப்பாத்துங்க!" என்று கதறினேன்.

சற்றுத் தள்ளி, கடலில் வளைத்துப் போட்ட கரைவலையின் இரண்டு பக்கக் கயிறுகளையும் கரையில் நின்று இரண்டு மீனவர் கூட்டம் இழுத்துக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்த கூட்டம் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடிவந்து, காரைத் தூக்கித் தள்ளி மேட்டில் ஏற்றியது.

அவர்களில் ஒருவர் குனிந்து காருக்குள் தேடினார்.

"புள்ள எங்கய்யா?"

"எந்தப் புள்ள?"

"நீங்க கத்துன கத்துல, உள்ள புள்ள மாட்டிக்கிருச்சுன்னுல்ல நெனச்சோம்."

"யாரும் இல்ல. காரு மட்டுந்தான்."

அவர் கோபப்படவில்லை. "சரி, யாருக்கும் ஒண்ணுமில்லல்ல" என்று கடல் பக்கம் திரும்பினார். ஒரு பக்கக் கயிறு தளர்ந்ததில், விடியலிலிருந்து வளைத்து வந்த மீன் முழுக்க வெளியேறிவிட்டது. மற்ற கூட்டம் வெறும் வலையை இழுத்துக்கொண்டிருந்தது.

மன்னிப்புக்கூடக் கேட்காமல் காரைக் கிளப்பினேன். வீட்டுக்கு வந்து, வழக்கம்போல உப்புப் போகக் காரைக் கழுவினேன். சீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படவில்லை. அதைப் பார்த்தும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பெற்ற பிள்ளைக்காகக்கூட நான் ஒருநாளும் அப்படிக் கதறியதில்லை என்பது மட்டும் நினைவுக்கு வந்தது.