கட்டியவன் வைக்கும் முதல் வெடி

1. சுவரில் இருந்தவை

லேத் வேலை தெரிந்த ஆள் தேவை என்றுதான் விளம்பரத்தில் இருந்தது. கனடாவில், ரெக்ஸ்டேல் பகுதியில் இருந்த அந்தக் கட்டடத்தின் வெளியிலும் மெஷின் ஷொப் என்று மட்டுமே போட்டிருந்தார்கள். கொழும்பில் பல வருடம் லேத்தில் நின்றவன் நான். இது எனக்கென்றே வந்த வேலை என்று நம்பி உள்ளே போனேன்.

குளிர்கோட்டைக் கழற்றி எங்காவது மாட்டலாம் என்று திரும்பினால், சுவர் முழுக்கத் துவக்குகள்.

என் இரண்டு கைகளும் தலைக்கு மேலே போய்விட்டன. ஒரு கையில் கோட்டும் சேர்ந்து போனது. யாரும் என்னைக் கைதூக்கச் சொல்லவில்லை. ஆனால் எண்பத்து மூன்று கலவரத்தில் நாட்டை விட்டு ஓடிவந்தவனின் கைக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. அந்தப் பழக்கம் அதற்குள்ளேயே இருக்கிறது.

கடைக்காரி மார்கரெட் உள்ளறை வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். அவள் பேசியது ஆங்கிலம். அது எங்கள் தமிழாக என் காதில் விழுந்தபடி எழுதுகிறேன்.

"கோட் கொழுவுற ஆணி அந்தப் பக்கம்" என்றாள். அவ்வளவுதான். அந்த ஒரு விஷயத்துக்காகவே அவள்மேல் எனக்கு மரியாதை உண்டு.

அவளுடைய கணவன் ஃபிராங்க், வேட்டைக்காரர்களுக்கு அளவெடுத்து ரைபிள் கட்டிக்கொடுத்தவன். தையற்காரன் ஆளுக்கு ஆள் சட்டை தைப்பதைப் போன்ற வேலை. அந்த வருடம் பனி கரையும் நேரம் நெஞ்சுவலியில் இறந்துபோனான். பாதியில் நின்ற ஓடர்களில் ஒன்றையாவது இலையுதிர்கால வேட்டைக்கு முன்பு முடித்துக் கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் கடையைப் பூட்டிவிட்டுப் பிக்கரிங்கில் தங்கையோடு போய் இருப்பது என்று மார்கரெட் தீர்மானித்திருந்தாள்.

"உமக்கு லேத் தெரியும். துவக்குக் கட்டப் பழகுவீரோ?"

"ஆர் பழக்குவினம்?"

"ஒருத்தரும் இல்லை. ஃபிராங்க் கட்டினது சுவரில இருக்கு. அவன் ஆர் கட்டினதைப் பார்த்துப் பழகினானோ அதுகளும் இருக்கு. கழட்டிப் பாரும்."

போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாள். "இந்தக் கடையில ஒரு வழக்கம். கட்டினவன்தான் முதல் வெடி வைக்கவேணும். தன்ரை தோளில வைச்சு. அது செய்யாமல் எந்தத் துவக்கும் வாசல் தாண்டாது."

அன்று பின்னேரம் பஸ்ஸில் வீடு வந்து பவானியிடம் சொன்னேன். என் மனைவி கையில் இருந்த கோப்பையை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கு விசரே? உந்தச் சாமானுக்குப் பயந்துதானே ஓடி வந்தனாங்கள். பிறகு இமிகிரேசன்காரர் அகதி விசாரணையில என்ன வேலை எண்டு கேட்டால் என்ன சொல்லப்போறியள்?"

"லேத் வேலை எண்டு சொல்லுவன்."

"வெடி வைக்கிறதையும் சொல்லுவியளோ?"

நான்கு இடங்களில் 'கனேடிய அனுபவம் இல்லை' என்று திருப்பி அனுப்பப்பட்டவனுக்கு ஐந்தாவது இடத்தை விட மனம் வரவில்லை. பயத்தோடேயே அடுத்த நாள் போனேன்.

2. விளக்குக் கரி

துவக்குக் கட்டுவதில் இரும்பு வேலை எனக்குப் பெரிய மலைப்பாக இருக்கவில்லை. பரல் என்ற இரும்புக் குழலைக் கடைவதும், ஆக்சன் என்ற இயந்திரப் பகுதியில் அதைத் திருகிப் பொருத்துவதும், கேஜ் போட்டு அளவு பார்ப்பதும் லேத்காரனுக்குப் பிடிபடும். மரம்தான் சோதித்தது. வோல்நட் மரத்தில் செய்யும், தோளில் பதியும் ஸ்ரொக் என்ற கட்டையில் ஆக்சனுக்குக் குழி வெட்ட வேண்டும். இரும்பு அதில் போய்ப் படுத்தால் நடுவில் மயிர் நுழையக் கூடாது.

மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் இரும்பைப் பிடித்துக் கரி ஏற்றுவோம். பிறகு குழியில் வைத்து அழுத்தி எடுப்போம். மரத்தில் கரி எங்கே ஒட்டுகிறதோ அங்கே இடிக்கிறது என்று அர்த்தம். அதை மட்டும் சுரண்டி, திரும்பக் கரி ஏற்றி, திரும்ப வைத்துப் பார்ப்போம். பொறுமை இல்லாதவன் ஒரு சுரண்டலில் முழுக் கட்டையையும் நாசமாக்கலாம்.

சுவரில் இருந்தவற்றில் மூன்று ரைபிள்களை எனக்கு வாத்தியாராக வைத்துக்கொண்டேன். ஒன்று ஃபிராங்க் கட்டியது. மற்ற இரண்டும் ஐரோப்பாவில் யாரோ பெரிய விண்ணர்கள் கட்டியவை. ஒவ்வொரு முறை கழற்றும்போதும் உள்ளே குண்டு இல்லை என்று மூன்று தரம் பார்ப்பேன். பார்த்த பிறகும் குழல் வாய்க்கு நேரே நிற்க மாட்டேன். மார்கரெட் அதைக் கண்டும் சிரிக்கவில்லை.

அந்த வேலையைப் பார்த்து வாய் பிளந்தேன் என்றே சொல்ல வேண்டும். உளி போன தடமே தெரியாது. அப்படிப்பட்ட கையிலும் எனக்கு ஒரு பிழை தென்பட்டது. ஆக்சனின் பின்முனை வால் மாதிரி நீண்டு மரத்துக்குள் இறங்கும். சுடுகிறவனின் முகத்துக்குக் கிட்ட இருக்கும் பகுதி அது. ஃபிராங்க் கட்டியதில் அந்த வாலுக்குப் பின்னால் மெல்லிய இடைவெளி ஒன்று இருந்தது. பாவம், கை வழுக்கியிருக்கும் என்று நினைத்தேன். ஐரோப்பிய ரைபிள் ஒன்றிலும் அதையே கண்டேன். பழைய மரம், சுருங்கியிருக்கும் என்று நினைத்தேன். மூன்றாவதில் அந்த இடத்தைப் பார்க்கவே இல்லை.

கொழும்பில் எங்கள் ஃபோர்மன், பொருத்திய இடத்தில் வெளிச்சம் தெரிந்தால் தூக்கி எறிவார். அந்தப் பழக்கம் ஒன்று. அதைவிடப் பெரியது என் பயம். வெடிக்கும்போது இந்த இரும்பு பின்னால் பாய்ந்து முகத்தைப் பிளந்துவிடும் என்று இரவில் கனவு கண்டுகொண்டிருந்தேன். ஆகவே நான் கட்டிய துவக்கில் வாலுக்குப் பின்னால்தான் மரத்தை அதிக இறுக்கமாக விட்டேன். சுவர் மாதிரி. அங்கே ஈர்க்குக்கூட நுழையாது என்று எனக்கு அத்தனை பெருமை.

3. வெடி

பரலையும் ஆக்சனையும் தனியாகச் சட்டத்தில் பூட்டி, தூரத்தில் நின்று கயிறு இழுத்துச் சோதித்தாயிற்று. அது இரும்புக்கான சோதனை. மரத்தைச் சோதிப்பது தோள்.

நகரத்துக்கு வடக்கே, மார்க்கம் என்ற ஊரைத் தாண்டி, பழைய கல்லுடைக்கும் குழி ஒன்றில் சுடும் மைதானம் இருந்தது. மார்கரெட் வான் வண்டியை ஓட்டினாள். நான் பக்கத்தில் இருந்து என் முழங்கால்களைப் பிடித்துக்கொண்டு போனேன். பவானி அன்று காலையில் என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டுக் கதவைச் சாத்தியிருந்தாள்.

மேசையில் மணல்மூட்டை வைத்து, ரைபிளைத் தோளில் சேர்த்தேன். மரத்தின் எண்ணெய் மணம் மூக்கில் ஏறியது. என் கையால் செய்த பொருள், கன்னத்தில் அழகாகப் பொருந்தியது. ஆனாலும் விரல் அசையவில்லை. எத்தனை வெடிச் சத்தத்துக்கு நான் நிலத்தில் விழுந்து படுத்திருக்கிறேன். இந்தச் சத்தத்தை நானே உண்டாக்க வேண்டும்.

"ஏலாட்டி இப்ப சொல்லும்" என்றாள் மார்கரெட். "நான் கோவிக்கமாட்டன். கடையைப் பூட்டுவன், அவ்வளவுதான்."

கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன்.

வெடியோடு சேர்ந்து இன்னொரு சத்தம் என் கன்னத்துக்குப் பக்கத்தில் கேட்டது. எலும்பு முறிகிற சத்தம். முகம் போய்விட்டது என்றே நம்பினேன். கையால் தடவிப் பார்த்தேன். இரத்தம் இல்லை. மூக்கு இருந்தது. பிளந்தது மரம். வாலுக்குப் பின்னால் தொடங்கி, கைப்பிடி வரை நீளக் கோடாக வெடித்திருந்தது.

நான் அழுதேன். அதைச் சொல்ல வெட்கமில்லை. உயிர் தப்பிய அழுகை பாதி, வேலை போன அழுகை பாதி.

4. கடதாசி

கடைக்குத் திரும்பி, மார்கரெட் பூட்டுச் சாவியை எடுப்பதற்குள் மூன்று ரைபிள்களையும் மேசையில் பரப்பினேன். சட்டைப்பையில் இருந்த, பஸ் மாறி ஏறுவதற்குத் தரும் ட்ரான்ஸ்பர் கடதாசியை எடுத்து ஃபிராங்க் கட்டியதில் வாலுக்குப் பின்னால் விட்டேன். நுழைந்தது. இரண்டாவதிலும் நுழைந்தது. நான் பார்க்காமல் விட்ட மூன்றாவதிலும் அதே இடம், அதே கடதாசித் தடிப்பு.

மூன்று விண்ணர்களுக்கும் ஒரே இடத்தில் கை வழுக்காது. வெடிக்கும்போது இரும்பு பின்னால் உதைக்கும். அந்த உதையைத் தாங்குவதற்கு ஆக்சனின் முன்பக்க அடியில் தடித்த பல் ஒன்று இருக்கிறது. உதை அந்தப் பல்லுக்குப் போகாமல் வால் மரத்தில் இடித்தால், வாலே ஆப்பு மாதிரி மரத்தைப் பிளக்கும். நான் பயத்தில் கட்டிய சுவரே மரத்தைப் பிளந்தது.

மார்கரெட் அந்தக் கடதாசியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பின்னறைக்குப் போய் இன்னொரு வோல்நட் கட்டையைத் தூக்கி வந்து மேசையில் போட்டாள். சாவியைத் திரும்பப் பைக்குள் போட்டாள்.

இரண்டாவது ஸ்ரொக்கோடு மைதானத்துக்குப் போனபோது குளிர் தொடங்கிவிட்டது. வேட்டைக்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. முதல் நாளைவிடப் பயம் கூடியிருந்தது, எடுத்த குண்டைக் கீழே தவறவிட்டேன். ஒளிக்கப் பார்த்தேன். அவள் கண்டுவிட்டாள்.

"ஃபிராங்க் ஒவ்வொரு முறையும் வானுக்குப் பின்னால போய் வாந்தி எடுத்துப்போட்டுத்தான் வருவான்" என்றாள். "கடைசித் துவக்கு வரைக்கும்."

குண்டைப் பொறுக்கிக்கொண்டு கேட்டேன்.

"இதை ஏன் முதலே சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தால் உமக்கு இன்னும் பயம் கூடியிருக்கும்."

இந்த முறை கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு சுட்டேன். மரம் நின்றது. திரும்பவும் சுட்டேன். அதற்கும் நின்றது. பிறகு வானுக்குப் பின்னால் போனேன்.

அந்த ரைபிள் வேட்டைக்கு முன்பே வாசல் தாண்டியது, கடையும் பூட்டப்படவில்லை. பிறகு வந்த அகதி விசாரணையில் என்ன வேலை என்று கேட்டார்கள். ரைபிள் கட்டுகிறேன் என்று உள்ளதையே சொன்னேன். பயமில்லையா என்று அதிகாரி கேட்டார். பயம் என்றேன். பக்கத்தில் இருந்த பவானி என் கையைப் பிடித்தாள், விடவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் பயம் எப்போது போகும் என்று கேட்பார்கள். போகாது. போக விடவும் கூடாது. ஆனால் அதை உளி பிடிக்கும் கைக்குக் கொடுக்காதீர்கள், அது கண்ட இடத்தில் சுவர் கட்டும். எதற்குப் பயப்படுகிறீர்களோ அதற்கு அசைய ஒரு கடதாசி அளவு இடம் விடுங்கள். பிறகு தோளில் வைத்து நீங்களே சுடுங்கள்.