போகிக்குப் போட்ட பாய்

எனக்குக் கல்யாணமான புதிது. இராஜபாளையத்தில் எங்கள் தெருவில் பாதி வீடு தெலுங்கு பேசுகிறவர்கள். போகியன்று விடியுமுன் வாசலில் பழசை வைத்தால், அவர்களே எடுத்துப்போய்த் தெருமுனைத் தீயில் போடுவார்கள். நானும் கிழிந்த கோரைப்பாயைச் சுருட்டி வைத்துவிட்டு அடுப்பு மூட்டப் போனேன்.

திரும்பி வந்தால் பாயும் இல்லை, பொங்கலுக்கு வந்திருந்த நாத்தனாரின் இரண்டு வயது மகனும் இல்லை. குளிருக்குச் சுருட்டின பாய்க்குள் நுழைந்து படுப்பது அவன் வழக்கம். எனக்கு உயிரே போய்விட்டது.

ஓடினேன். பாய் எரிந்துகொண்டிருந்தது. தீக்குள் கையை விட்டேன்.

எதிர்வீட்டு அம்மா என்னைப் பிடித்து இழுத்தார். அவர் இடுப்பில் அவன் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

“ஏம்மா, பழசைத்தானே போடச் சொன்னோம்? ரெண்டு வயசுப் புதுசையும் சேத்துப் போட்டுட்டியே!”

பூனை குட்டி போட்டிருக்குமென்று, எதையும் விரித்து உதறித்தான் தீயில் போடுவார்களாம்.

“மதினிகிட்ட சொல்லிராதீக” என்று நாத்தனாருக்குப் பயந்து அழுதேன்.

“பாய் எரிஞ்சுது. அம்புட்டுதான்” என்றார்.

கைக் கொப்புளத்தைப் பார்த்து நாத்தனார் கேட்டபோது, அடுப்பு சுட்டதாகச் சொன்னேன். மூன்று நாள் அவரே வெண்ணெய் தடவிவிட்டார். ஒருநாள்கூட அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க என்னால் முடியவில்லை.